‘குயீன் பீ’யை மேசைமேல் இயக்குவது எப்படி

விஞ்ஞானக் கண்காட்சி என்று அறிவித்தல் வந்தால் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் முதலில் கிளம்புவது அப்பச்சோடா எரிமலை, அடுத்தது ரெஜிபோமில் வெட்டி ஒட்டிய சூரியக் குடும்பம். இரண்டும் நல்லதுதான், ஆனால் நடுவர்கள் பார்த்துப் பார்த்துக் களைத்துவிட்டார்கள். இந்த முறை 1930களின் ஒரு விமானத்தின் மூளையைச் செய்து வைப்போம். பிரித்தானியப் பீரங்கிக்காரர்கள் சுட்டுப் பழகுவதற்காக ஆளில்லாமல், வானொலிக் கட்டளையில் பறந்த இலக்கு விமானம் அது, பெயர் ‘குயீன் பீ’. செய்யப் போவது இவ்வளவுதான்: மேசை ஃபானுக்கு முன்னால் ஒரு சைக்கிள் கம்பியின் நுனியில் ரெஜிபோம் விமானம் ஒன்று நிற்கும், மண்டபத்தின் மற்ற மூலையில் நின்று நீங்கள் பொத்தானை அழுத்தினால் உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், வாலில் உள்ள சுக்கான் திரும்பும், விமானம் மூக்கைத் திருப்பிச் சரிந்து காட்டும்.

பறக்க விடமாட்டோம். அதை முதலே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பொடியள் கேட்கும் முதல் கேள்வியே அதுதான். இலங்கையில் ஆளில்லாத விமானம் எதையும் பறக்கவிடுவதற்கு முன் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் விதிகளைப் பார்க்க வேண்டும், 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு கெடுபிடியும் கூடிவிட்டது, வன்னியில் முகாம் இல்லாத பக்கமாகப் பார்த்து வெளி தேடுவதும் லேசில்லை. விமானம் போய்ப் பற்றைக்குள் விழுந்தால் எடுக்கப் போவது யார் என்றும் யோசிக்க வேண்டும். மிதிவெடி எடுத்து முடியாத இடங்கள் இன்னும் இருக்கின்றன, சிவப்புப் பலகையைத் தாண்டி ஒரு பிள்ளை ஓடக்கூடாது. இதோடு இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் பெரிது. போரில் தலைக்கு மேல் ‘வண்டு’ என்ற ஆளில்லா வேவு விமானம் சுற்றிய காலத்தைப் பார்த்த பெரியவர்கள் கண்காட்சிக்கு வருவார்கள். அந்த இரைச்சலை மண்டபத்துக்குள் கேட்க வைக்கத் தேவையில்லை. ஆகவே எங்கள் விமானத்தில் மோட்டரும் இல்லை, சுழலும் விசிறியும் இல்லை, காற்று முன்னுக்கு இருக்கும் ஃபானிலிருந்து வரும்.

பறக்காத விமானத்தால் என்ன பிரயோசனம் என்றால், அந்தக் காலத்துப் பரிசோதனைகளில் சிக்கல் பறப்பதில் இருக்கவில்லை, ஆளில்லாமல் தூர நின்று ஓட்டுவதில்தான் இருந்தது. 1917 மார்ச் 21 அன்று இங்கிலாந்தில் அப்பேவன் என்ற இடத்தில் ஆர்ச்சிபால்ட் லோ தன் வானொலி விமானத்தைத் தளபதிகளுக்கு முன்னால் ஏவிக் காட்டினார், அது லொறியில் இருந்து அழுத்தக் காற்றால் கிளம்பியது, கொஞ்சத்தில் விழுந்தும் விட்டது. அதற்கு ‘வான் இலக்கு’ என்று பெயர் வைத்ததே எதிரியை ஏய்க்கத்தான், உண்மையில் அவர்கள் நினைத்தது பறக்கும் குண்டு. 1924 செப்டெம்பரில் அமெரிக்கக் கடற்படை ஒரு கர்ட்டிஸ் என்-9 மிதவை விமானத்தை ஆளில்லாமல் 40 நிமிடம் வரை ஓட்டியது, இறங்கும்போது அடிபட்டு அது தாண்டு போனது. உண்மையாகவே இலக்காக வைத்துச் சுட என்று வந்தது 1932இன் ‘ஃபெயரி குயீன்’. முதல் இரண்டும் கப்பலில் இருந்து ஏவிய சில நொடிகளில் கடலுக்குள் போயின, மூன்றாவது பறந்தது, அடுத்த ஆண்டு மத்தியதரைக் கடலில் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் கப்பல்கள் சுட்டும் அதில் ஒன்றும் படவில்லை. கடற்படைக்கு அது பெரிய வெட்கம், ஆனால் இலக்கு விமானம் எதற்குத் தேவை என்பதற்கு அதைவிட ஆதாரம் வேண்டியிருக்கவில்லை.

இவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து சேர்ந்த இடம் ஒன்றுதான். விமானத்தைத் தரையில் இருந்து கணத்துக்குக் கணம் ஓட்ட முடியாது, தானாக நேரே பறக்கிற ஒன்றைச் செய்துவிட்டு அப்பப்ப ஒரு தட்டுத் தட்டித் திருப்ப வேண்டும். அந்தத் தட்டைத்தான் நாம் செய்கிறோம்.

சரி, சாமான். ஒரு அங்குலத்துக்குக் குறைந்த தடிப்புள்ள ரெஜிபோம் தாள், சைக்கிள் சக்கரக் கம்பி ஒன்று, பழைய குடையின் மெல்லிய கம்பி, பேனா மூடி, பால்மாத் தகரம், மெல்லிய றப்பர் பான்ட், கழற்றிய 12 வோல்ற் ரிலே (மின்சாரம் வந்தால் உள்ளே உள்ள சுருள் காந்தமாகி ஒரு தகட்டை இழுக்கும் சுவிச்) ஒன்று, 12 வோல்ற் பற்றரி (யூ.பி.எஸ். பற்றரியோ மோட்டார் சைக்கிள் பற்றரியோ சரி), வாசல் மணிக்கு இருக்கிற மாதிரி அழுத்தும் பொத்தான் சுவிச், பழைய மோட்டரில் இருந்து கழற்றிய எனாமல் பூசிய செப்பு வயர். ரிலே பழுதான ஸ்டெபிலைசருக்குள் இருக்கும், திருத்துகிற கடையில் கேட்டால் சும்மாவே தருவார்கள், ஆனால் பிள்ளைகள் ஸ்டெபிலைசரைத் தாங்களாகத் திறக்க விடவேண்டாம். இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: தகரமோ வயரோ பற்றரியோ கடையில் வாங்கியதாக, இல்லாவிட்டால் வீட்டில் எங்கிருந்து வந்தது என்று தெரிந்ததாக இருக்கட்டும். காணி கொத்தும்போது வந்தது, காட்டுக்கரையில் கிடந்தது என்று ஒரு துண்டு உலோகமும் வேண்டாம், அது எவ்வளவு அழகான கம்பியாக இருந்தாலும்.

உடலை 60 சென்ரிமீற்றர் நீளத்துக்கு ஒரு பெட்டி மாதிரிச் செய்யுங்கள், அடி திறந்திருக்கட்டும். இறக்கையும் 60 சென்ரிமீற்றர், அகலம் 10. அதை நடுவில் வெட்டி, இரண்டு நுனியும் மேசையில் இருந்து 4 சென்ரிமீற்றர் உயரும்படி மெல்லிய ‘வி’ வடிவில் ஒட்ட வேண்டும். ரெஜிபோமுக்குச் சாதாரண வெள்ளைக் கம் போதும், சைக்கிள் ரியூப் ஒட்டும் சொலூஷனைப் பூசினால் ரெஜிபோம் கரைந்து ஓட்டை விழும். அந்த ‘வி’யை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். குயீன் பீயின் அசையும் தட்டுகளில் வானொலிக்குக் கிடைத்தது சுக்கானும் வாலின் ஏற்றி இறக்கும் தட்டும்தான், இறக்கையின் சரிக்கும் தட்டுகளை அசையாமல் விட்டார்கள். சுக்கான் மூக்கைத் திருப்பும், திரும்பியதும் ஒரு பக்க இறக்கைக்குக் காற்று கீழிருந்து கூடப் பிடிக்கும், அந்தப் பக்கம் தூக்கும், விமானம் தானாகச் சரிந்து வளையும். சுக்கானை விட்டால் அந்த ‘வி’யே திரும்ப நிமிர்த்திவிடும். தட்டையான இறக்கை வைத்துப் பாருங்கள், மூக்கு மட்டும் திரும்பும், சரிவு வராது. இரண்டையும் செய்து மாற்றி மாற்றிக் காட்டினால் நடுவருக்கு விளக்கம் சொல்லவே தேவையில்லை.

இறக்கையின் முன் விளிம்பில் இருந்து 3 சென்ரிமீற்றர் பின்னால், இறக்கையின் மேல்மட்டத்தோடு ஒட்டி, பேனா மூடியைக் குப்புறப் புதைத்து ஒட்டுங்கள், வாய் கீழே பார்க்க வேண்டும். சைக்கிள் கம்பியின் ஒரு நுனியை அரத்தால் கூராக்கி, மறு நுனியைப் பலகையில் நேராக இறுக்கி, கூர்நுனியை மூடிக்குள் விடுங்கள். திசைகாட்டி ஊசி நிற்கிற அதே தந்திரம்தான்: தொங்குகிற இடம் மேலே, பாரம் கீழே, ஆகவே விமானம் எந்தப் பக்கமும் திரும்பும், கொஞ்சம் சரியும், ஆனால் விழாது. மூடியில் இருந்து மூக்கு 18 சென்ரிமீற்றர், வால் 42 சென்ரிமீற்றர் வருகிற மாதிரி இறக்கையை வையுங்கள். பொறி முழுக்க மூடிக்குப் பின்னால் வருவதால் வால் கனக்கும், மூக்குக்குள் நட்டுகளைப் போட்டுச் சமன் செய்யலாம். கூர்நுனி பிள்ளைகளின் கண்மட்டத்தில் நிற்கிற கம்பி என்பதை மறக்காதீர்கள், விமானத்தைக் கழற்றினால் உடனே ஒரு றப்பர்த் துண்டைக் குத்தி விடுங்கள்.

இனித்தான் விசயம். சுக்கானைத் திருப்பும் இந்தப் பொறியை அமெரிக்காவில் 1930களின் பிற்பகுதியில் பொழுதுபோக்காக விமானம் செய்தவர்கள் பாவித்தார்கள். மிச்சிகனில் வால்ட்டர் குட், வில்லியம் குட் என்று இரட்டைச் சகோதரர்கள், தங்கள் ‘கஃப்’ என்ற விமானத்தை 1937இல் வானொலியில் ஓட்டினார்கள், அது இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் காலத்து வானொலிப் பெட்டியின் மின்சாரத்தால் சுக்கானைத் தள்ளுகிற அளவுக்குப் பலம் கிடைக்காது. ஆகவே வேலையை முறுக்கிய றப்பரிடம் கொடுத்து, மின்சாரத்துக்குக் கதவு திறந்து விடுகிற வேலையை மட்டும் வைத்தார்கள். இது எவ்வளவு கெட்டித்தனம் என்பது செய்து பார்த்தால்தான் தெரியும்.

குடைக்கம்பியில் ஒரு நீளத் தண்டு வெட்டுங்கள், உடலின் நீளவாக்கில் வாலை நோக்கிப் படுக்க வேண்டும். அதன் முன் நுனியை வளைத்துக் கொக்கி, பின் நுனியை 6 மில்லிமீற்றர் ஒதுங்கிய ஒரு முழங்கையாக வளைக்க வேண்டும். கொக்கிக்குச் சற்றுப் பின்னால், 25 மில்லிமீற்றர் நீளமான தகரப் பட்டை ஒன்றை அதன் நடுவில் தண்டோடு குறுக்காக சோல்டர் பிடியுங்கள், இரண்டு கை நீட்டின மாதிரி. தண்டு இரண்டு தகரத் தாங்கிகளின் துளையில் சுழல வேண்டும். கொக்கியில் மாட்டும் றப்பர் எப்போதும் முன்னுக்கு இழுக்கும் என்பதால் முன் தாங்கிக்கும் பட்டைக்கும் இடையில் ஒரு சின்னப் பாசிமணி கோர்த்து விடுங்கள், அந்த ஒரு மணி இல்லாவிட்டால் உரசி நின்றுவிடும்.

ரிலேயின் மூடியைக் கழற்றினால் சுருளுக்கு மேல் ஒரு இரும்புத் தகடு ஆடும். அதில் மெல்லிய தகரத்தில் இரண்டு விரல் உள்ள கவை ஒன்றை ஒட்ட வேண்டும், நீளம் 2 சென்ரிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. ரிலேயை வைக்கிற விதம்: அதன் தகடு தண்டின் நீளவாக்கில் முன்னும் பின்னும் ஆட வேண்டும். சுழலும் பட்டையின் பாதையில், கடிகாரத்தின் 12 மணி இடத்தில் ஒரு விரல், 3 மணி இடத்தில் மற்ற விரல், இரண்டும் ஒரே தளத்தில் இல்லாமல் ஒன்று மற்றதைவிட ஒரு மில்லிமீற்றர் பின்னுக்கு. மின்சாரம் இல்லாதபோது முதல் விரல் பட்டையை மறித்துக்கொண்டு நிற்கும். அழுத்தினால் தகடு இழுபடும், முதல் விரல் விலகும், இரண்டாவது விரல் பாதைக்குள் வரும், பட்டை கால் சுற்றுச் சுழன்று அதில் முட்டி நிற்கும். விட்டால் அது விலகி, பட்டையின் மற்றக் கை போய் முதல் விரலில் நிற்கும். முதல் விரலில் நிற்கும்போது பின்னால் உள்ள முழங்கை நேர் மேலேயோ நேர் கீழேயோ இருக்கும்படி தண்டை வளைத்துச் சரி செய்யுங்கள்.

சுக்கானின் அடியில், பிணைச்சல் கோட்டில் இருந்து 15 மில்லிமீற்றர் தள்ளி, நெடுக்காக ஒரு நீள வளையம் கம்பியில் செய்து குத்துங்கள், முழங்கை அதற்குள் போக வேண்டும். முழங்கை மேலே நின்றாலும் கீழே நின்றாலும் சுக்கான் நேர், பக்கவாட்டில் வந்தால் 20 பாகைக்குக் கொஞ்சம் கூடத் திரும்பும். பிணைச்சலுக்குச் சொப்பிங் பையின் மெல்லிய பொலித்தீன் துண்டு போதும், சிலிற்றேப் விறைப்பாக நின்று றப்பரின் பலத்தைத் தின்னும்.

ஆக, அழுத்திப் பிடித்தால் வலது, விட்டால் நேர், திரும்ப அழுத்திப் பிடித்தால் இடது, விட்டால் நேர். வலதுக்குப் பிறகு திரும்பவும் வலது வேண்டுமானால் இடையில் ஒரு தடவை சட்டென்று தட்டி விட்டு, அதற்குப் பிறகு பிடிக்க வேண்டும். கடைசியாக எந்தப் பக்கம் திருப்பினோம் என்று ஞாபகம் வைத்திருப்பது ஓட்டுகிறவரின் பாடு, பொறிக்குத் தெரியாது. கூட்டத்தில் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, “தங்கச்சி, வலப்பக்கம் மூன்று தரம் திருப்பு பாப்பம்” என்று சொல்லுங்கள், சிரிப்பும் வரும், அந்தக் காலத்து ஓட்டுநரின் கஷ்டமும் விளங்கும். குயீன் பீயில் இதைவிட ஒழுங்கான வழி வைத்தார்கள்: தரையில் இருந்தவர் டெலிபோனில் இலக்கம் சுற்றுகிற அந்தத் தட்டையே சுற்றினார், ஒவ்வொரு இலக்கமும் இத்தனை துடிப்பு என்று வானொலியில் போய், விமானத்தில் உள்ள பெட்டி எண்ணிப் பார்த்து அதற்குரிய கட்டளையைச் செய்தது. பழைய சுற்றும் டெலிபோன் ஒன்று யாரிடமாவது இருந்தால் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

றப்பர் விசயத்தில் தடித்ததைத் தேடாதீர்கள், பிழை அங்கேதான் தொடங்கும். இழுவை கூடினால் பட்டை விரலை இறுக்கி அழுத்தும், ரிலேயின் சின்னப் பலத்தால் அதை விலக்க முடியாது, ‘டக்’ சத்தம் கேட்கும், சுக்கான் அசையாது. பட்டையின் முனையையும் விரலையும் மெல்லிய எமரித் தாளால் தேய்த்து மினுக்குங்கள். மறுபக்கமாக, ஒரு தரம் அழுத்தினால் பட்டை நிற்காமல் கிறுகிறு என்று சுற்றி றப்பர் முழுக்க அவிழ்ந்தால் இரண்டு விரலும் ஒரே நேரத்தில் பாதைக்கு வெளியே இருக்கின்றன என்று அர்த்தம், முதலாவது முழுக்க விலகுவதற்கு முன்பே இரண்டாவது உள்ளே வந்திருக்க வேண்டும், கவையை அரை மில்லிமீற்றர் வளைத்துப் பாருங்கள். இந்த வளைத்தலுக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போகும், பொறுமை இல்லாதவரிடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம். 15 சென்ரிமீற்றர் றப்பருக்கு 40 முறுக்குப் போதும். ஒரு கட்டளைக்கு அரைச் சுற்றுத்தான் செலவு என்பதால் 80 தடவை வரும். ஆமணக்கெண்ணெய் ஒரு துளி பூசினால் றப்பர் நீண்ட நாள் நிற்கும், இயந்திர எண்ணெய் பூசினால் ஊதிப் பிசுபிசுத்துப் போகும்.

ரிலேக்குப் போகும் இரண்டு செப்பு வயரையும் கம்பியைச் சுற்றித் தளர்வாக இறக்குங்கள், விமானம் திரும்பும்போது இழுக்கக்கூடாது. முதலில் பற்றரி, சுவிச், ரிலே மூன்றையும் வயராலேயே இணைத்துச் சரியாக வேலை செய்கிறதா பாருங்கள். அதற்கு முன் வானொலிக்குப் போனால் பிழை பொறியிலா வானொலியிலா என்று தெரியாமல் தலை வெடிக்கும்.

ஃபானைப் பற்றி ஒரு சொல். அதில் இருந்து வரும் காற்று முறுகிக்கொண்டு வரும், நேரே வராது, அதனால் சுக்கான் நேராக இருந்தாலும் விமானம் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும். பிஸ்கட் பெட்டி மட்டையில் 5 சென்ரிமீற்றர் கட்டங்களாக, 10 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு ஒரு கூடு செய்து ஃபானுக்கு முன்னால் வையுங்கள், காற்று நேராகும். விமானம் ஒரு மீற்றருக்குக் கொஞ்சம் கூடத் தள்ளி நிற்கட்டும். கரண்ட் நின்றுவிட்டால் வெளியே கொண்டுபோய்ச் சோழகத்தில் வைக்கலாம், பரந்தன் பக்கத்து வயல்வெளிப் பள்ளிக்கூடங்களில் அதற்குக் குறைவே இல்லை, ஆனால் குத்திக் குத்தி அடிக்கிற காற்றில் விமானம் ஆடுவது சுக்கானாலா காற்றாலா என்று பார்க்கிறவருக்கு விளங்காது.

வானொலிக்கு உடைந்த விளையாட்டுக் காரின் றிமோட்டும் உள்ளே உள்ள பலகையும் போதும். பலகையை மேசைக்குக் கீழ் வைத்து அதன் சொந்தப் பற்றரியோடு விடுங்கள். காரின் மோட்டருக்குப் போன இரண்டு வயரில், முன்னுக்குப் பொத்தானை அழுத்தும்போது பலகையின் மறை முனையோடு ஒப்பிட்டு எது நேர் மின்னழுத்தம் காட்டுகிறது என்று மீற்றரில் பாருங்கள். அந்த வயரை 1 கிலோ ஓம் தடை வழியாக ஒரு பீ.சி. 547 ட்ரான்சிஸ்டரின் அடிவாய்க்கு (பேஸ்) கொடுங்கள், அதன் காலி (எமிற்றர்), பலகையின் மறைக்கும் 12 வோல்ற் பற்றரியின் மறைக்கும் பொதுவாக, சேகரிப்பான் (கலெக்டர்) ரிலேச் சுருளுக்கு, சுருளின் மறுமுனை பற்றரியின் நேருக்கு. சுருளுக்குக் குறுக்கே ஒரு டயோட்டை, கோடு போட்ட பக்கம் நேரைப் பார்க்க, கட்டாயம் போடுங்கள், இல்லாவிட்டால் ரிலே விடுகிற ஒவ்வொரு தடவையும் எழும் மின்னழுத்தம் ட்ரான்சிஸ்டரைச் சாகடிக்கும். பழைய காலம் மாதிரியே இருக்கட்டும் என்று தீப்பொறி ஒலிபரப்பி செய்கிற யோசனை யாருக்காவது வந்தால் நிறுத்துங்கள், அது சுற்றுவட்டாரத்து வானொலி எல்லாவற்றையும் கரகரக்க வைக்கும், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் சட்டத்துக்கும் மாறு.

நடுவர் கட்டாயம் கேட்கிற கேள்வி, சிக்னல் நின்றுபோனால் என்ன நடக்கும் என்பது. றிமோட்டின் பற்றரியைக் கழற்றிக் காட்டுங்கள்: மின்சாரம் நிற்கும், ரிலே விடும், பட்டை முதல் விரலுக்குப் போகும், சுக்கான் நேராகும். கட்டளை இல்லாவிட்டால் நேரே பற என்பது பொறியின் வடிவத்திலேயே இருக்கிறது. அடுத்தது இறக்கம். குயீன் பீக்குக் கீழே ஒரு நீளக் கம்பி பாரத்தோடு தொங்கியது, அது தரையிலோ தண்ணீரிலோ பட்டதும் விமானம் தானாக மூக்கைத் தூக்கி எஞ்சினை நிறுத்தும் ஏற்பாடு. ஹொலிவூட் நடிகர் ரெஜினால்ட் டென்னி, முதலாம் போரில் பிரித்தானிய விமானப்படையில் இருந்தவர், விமான மாதிரிக் கடை நடத்தியவர், அவருடைய ரேடியோபிளேன் கொம்பனி இன்னும் சுலபமாக யோசித்தது: இறக்கவே முயலவில்லை, பரசூட்டைத் திறந்து போட்டுவிட்டது. அவர்களின் ஓ.கியூ.-2 இலக்கு விமானம் 47 கிலோ, இறக்கை 3.7 மீற்றர், 6 குதிரைவலு எஞ்சின், மணிக்கு 137 கிலோமீற்றர். அந்த வகையில் ஆயிரக்கணக்கில் கட்டினார்கள். அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு பெண்ணை இரண்டாம் போர்க்காலத்தில் இராணுவப் புகைப்படக்காரர் படம் எடுத்தார், பிறகு அவர்தான் மர்லின் மன்றோ. இந்தக் கதையை நடுவர் போன பிறகு சொல்லுங்கள், முதலே சொன்னால் சுக்கானை ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

வலயப் போட்டிக்கு பஸ்ஸில் கொண்டுபோவதென்றால் இறக்கையைத் தனியாகக் கழற்றுகிற மாதிரி றப்பர் பான்டால் கட்டி வையுங்கள், பொறியின் றப்பரை முழுக்க அவிழ்த்துவிடுங்கள், கவைக்கும் பட்டைக்கும் இடையில் ஒரு மடித்த கடதாசித் துண்டைச் செருகுங்கள். ஏ9 பாதையில் முறிகண்டியில் பஸ் நிற்கும்போது எல்லோரும் கச்சான் வாங்க இறங்குவார்கள், அப்போது பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஒருவர் சீற்றிலேயே இருக்க வேண்டும். போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை கடதாசியை எடுப்பது, இரண்டாவது 10 முறுக்கு மட்டும் போட்டு வலது, நேர், இடது, நேர் பார்ப்பது. அது சரி வந்த பிறகு மிச்ச 30ஐயும் முறுக்கலாம்.